தெருவில் திரை கட்டி அம்பிகாபதி போடுவது எப்படி

சோழவந்தானில் எங்கள் தெருவில் இதுவரை இரண்டு முறை அம்பிகாபதி போட்டிருக்கிறோம். சிவாஜியும் பானுமதியும் நடித்த 1957 படம். கம்பர் மகன் அம்பிகாபதி சோழ அரசகுமாரி அமராவதியைக் காதலித்து, நூறு பாட்டுப் பாட வேண்டும் என்ற நிபந்தனையில் அவள் எண்ணிக்கை தவறியதால் உயிரை இழக்கிற கதை. முதல் முறை மனசுக்கு நிறைவாக அமையவில்லை. படம் ஓடியது, கூட்டமும் வந்தது, ஆனால் முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் பேசியது ஒன்றே ஒன்றுதான்: "அந்தப் பொண்ணு ஒழுங்கா எண்ணியிருந்தா அவன் பொழச்சிருப்பான்." ஒருவனைக் காதலித்ததற்காகக் கொன்ற கதையைப் பார்த்துவிட்டு, கொன்றவனை விட்டுவிட்டு, எண்ணிக்கையில் தவறிய பெண்ணின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நாங்கள் தூங்கப் போனோம். அது என்னை வெகுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது. படத்தில் குறை இல்லை, நாங்கள் காட்டிய விதத்தில்தான் குறை என்று அப்புறம் புரிந்தது. இரண்டாவது முறை வேறு மாதிரி செய்தோம், அதில் கற்றுக்கொண்டதை உங்கள் ஊரிலும் தெருவிலும் செய்து பார்ப்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் எந்த அம்பிகாபதி என்று முடிவு செய்யுங்கள், ஏனென்றால் இரண்டு இருக்கிறது. 1937இல் வந்தது எம்.கே.தியாகராஜ பாகவதரும் எம்.ஆர்.சந்தானலட்சுமியும் நடித்தது, இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர், தமிழ் தெரியாதவர். வசனம் இளங்கோவன். தமிழ் சினிமாவில் வசனத்துக்காகப் பேசப்பட்ட முதல் பெயர்களில் அவர் பெயரும் ஒன்று. பாட்டு நிறைய, படம் நீளம், ஒலி கரகரக்கும். பாட்டுக்காகவே உட்காரக்கூடிய பத்துப் பதினைந்து பேருக்கு ஒரு வீட்டு மாடியில் போட அது அருமையான படம். தெருவுக்கு 1957தான் சரி. ப.நீலகண்டன் இயக்கம், ஜி.ராமநாதன் இசை, கம்பராக எம்.கே.ராதா, நகைச்சுவைக்கு என்.எஸ்.கிருஷ்ணனும் மதுரமும். என்.எஸ்.கே. 1957 ஆகஸ்ட் 30இல் காலமானார், படம் அதற்குப் பிறகுதான் வெளிவந்தது. அதனால் நீளத்தைக் குறைக்கிறேன் என்று அவர் வரும் பகுதிகளை ஓட்டிவிடாதீர்கள், பெரியவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

மதுரைக்காரர்களுக்கு 1957 படத்தில் இன்னொரு உரிமையும் இருக்கிறது. சிவாஜிக்குப் பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன், 1922இல் மதுரையில் பிறந்தவர். பாகவதர் மாதிரியே பாடிப் பாடி வளர்ந்தவர், முதல் படத்தில் பாடியதே பாகவதர் பாணியில்தான். பாகவதர் நடித்த பாத்திரத்தை 20 வருஷம் கழித்து வேறொருவர் நடிக்கும்போது, அதற்குக் குரல் கொடுக்க மதுரையிலிருந்து போன அந்தப் பையன் வந்து நிற்கிறான். முனிச்சாலையில் அவர் சிலையைக் கடந்து போகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், படத்துக்கு வர அது ஒரு காரணமாகும்.

நாள் பார்ப்பது அடுத்த வேலை. மாசி, பங்குனி நல்லது. மார்கழி, தையில் பனி இறங்கும், வயசானவர்கள் உட்கார முடியாது, கருவிகளிலும் ஈரம் படியும். சித்திரையில் ஊரே அழகரைப் பார்க்கப் போயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்ப முடியாது. கூடவே ஊர்ப் பள்ளிகளில் பரீட்சை எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் படத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டியவர்கள்.

ஒரே இரவில் போடாதீர்கள், இரண்டு இரவாகப் பிரியுங்கள். மாசிக் கடைசியில் ஆறரைக்குச் சூரியன் மறைந்தால், திரையில் படம் தெளிவாகத் தெரிய ஏழு மணி ஆகிவிடும். இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்பது சட்டம், 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. இடையில் கிடைப்பது மூன்று மணி நேரம். அதற்குள் முழுப் படத்தையும் போட்டு, கதையும் சொல்லி, முடிந்த பிறகு பேசவும் முடியாது. முதல் முறை நாங்கள் அப்படித்தான் ஓட்டமாக ஓட்டினோம், பேச நேரமே இல்லை, அந்தப் பழி விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு இரவு என்றால் நடுவில் ஒரு பகல் கிடைக்கிறது, அந்தப் பகலில் குழாயடியிலும் டீக்கடையிலும் ஊரே அடுத்து என்ன ஆகும் என்று பேசிக்கொண்டிருக்கும்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெருவை அடைப்பதற்கும் தெருவிளக்கை அணைப்பதற்கும் பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ எழுதிக் கொடுங்கள், ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள், இரண்டுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கான உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம்தானே, இது பழைய படம், யாரும் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் அவர்கள் ஆயுள்காலமும் அதற்குப் பிறகு 60 வருஷமும் என்று தனிக் கணக்கு இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் போட்டாலும் ஊர் கூடிப் பார்ப்பது பொதுக் காட்சிதான். அதனால் இப்போது படத்தை வைத்திருக்கும் நிறுவனத்திடம் நாள், இடம், இலவசம் என்ற விவரத்தோடு எழுதிக் கேட்டு வாங்குங்கள். அப்படிக் கேட்டால் சில நேரம் நல்ல பிரதியே கிடைத்துவிடும். எந்தப் பிரதியாக இருந்தாலும் முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை நீங்கள் ஒருமுறை தனியாக உட்கார்ந்து பாருங்கள். பழைய படங்களில் பாட்டும் காட்சியும் வெட்டுப்பட்ட பிரதிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன, நூறு பாட்டுக் காட்சியில் ஒரு துண்டு போனாலும் கதையே விளங்காது.

திரைக்கு வருவோம். புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்கும்போது அதன் வெளிச்ச அளவு, அதாவது ஆன்சி லூமென்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள், தெருவுக்கு 3000க்குக் குறையாமல் வேண்டும். திரை 12 அடி அகலம், 9 அடி உயரம். இந்த அளவை மாற்றாதீர்கள். அந்தக் காலத்துப் படம் நாலுக்கு மூன்று என்ற வடிவத்தில் எடுக்கப்பட்டது, இப்போது இருக்கிற புரொஜெக்டர்கள் பதினாறுக்கு ஒன்பது என்று அகலமாக இழுத்துக் காட்டும். முதல் முறை எங்களுக்கு அது தெரியவில்லை, எல்லா முகமும் பக்கவாட்டில் இழுபட்டு, பானுமதியின் அந்தக் கண்ணும் புருவமும் ஒன்றுமில்லாமல் போயிற்று. அமைப்புகளில் போய்ப் படத்தின் விகிதத்தை 4:3 என்று வையுங்கள், இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

துணிக்குக் கடையில் விற்கும் திரை தேவையில்லை. சன்னல் திரைக்குப் பின்னால் தைக்கும் தடித்த வெள்ளை லைனிங் துணி போதும், ஒட்டு வந்தால் படுக்கை வாட்டில் வருவது மாதிரி தைக்கச் சொல்லுங்கள், பின்னால் ஒரு கறுப்புத் துணி கொடுத்தால் வெளிச்சம் ஊடுருவிப் போகாது. பந்தல்காரரிடம் சொன்னால் சவுக்குக் கம்பு நட்டுச் சட்டம் கட்டித் தருவார். துணியைச் சட்டத்தோடு ஒட்டி முறுக்கிக் கட்டாமல் நாலு பக்கமும் அரை அடி விட்டுக் கயிறு போட்டுக் கட்டுங்கள், எங்கள் ஊரில் வைகைப் பக்கமிருந்து இரவில் காற்று கிளம்பும், முறுக்கிக் கட்டினால் துணி கிழியும் அல்லது கம்பு சாயும். திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருந்தால் பாயில் உட்காருபவர்கள் தலை மறைக்காது. மின்சாரத்தை எர்த் உள்ள ஒரு வீட்டிலிருந்து எடுங்கள், கம்பத்திலிருந்து கொக்கி போடவே கூடாது. புரொஜெக்டருக்கு மட்டுமாவது ஒரு யூபிஎஸ் இருந்தால் கரண்ட் போய் வந்தாலும் பல்பு தப்பிக்கும்.

ஒலியில் பலர் கோட்டை விடுகிறார்கள். ரேடியோ செட்காரர் கூம்பு ஒலிபெருக்கியைக் கொண்டு வருவார், வேண்டாம் என்று சொல்லிப் பெட்டி ஸ்பீக்கர் கேளுங்கள். அதிர்கிற மாதிரி பேஸ் ஏற்றி வைப்பது அவர்களுக்குப் பழக்கம், இந்தப் படத்துக்கு அது ஆகவே ஆகாது. பேஸைக் குறைத்து நடுவை ஏற்றி, மேல் சத்தத்தைக் கொஞ்சம் தணித்தால் இரைச்சல் அடங்கி வசனம் தெளியும். சோதித்துப் பார்க்க 'வாடா மலரே தமிழ்த்தேனே' பாட்டைப் போட்டுவிட்டுத் தெருக்கோடியில் போய் நில்லுங்கள், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டால் சரி. அந்தப் பாட்டு முகாரி ராகம். முகாரி என்றாலே சோகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஊரில், காதலர்கள் சேர்ந்து பாடும் பாட்டை ஜி.ராமநாதன் அந்த ராகத்தில் போட்டிருக்கிறார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அதில் சந்தோஷத்துக்கு அடியில் ஏதோ ஒன்று விம்முகிற மாதிரியே இருக்கும், பின்னால் வரப்போவது அந்த ராகத்துக்கு முன்பே தெரியும் என்பது போல.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். மேலே சொன்னதெல்லாம் காசு கொடுத்தால் நடக்கும். இது நடக்க ஒரு வாரம் முன்னாலிருந்தே நீங்கள் மெனக்கெட வேண்டும்.

படம் பார்க்க வருபவர்களுக்கு இரண்டு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஒன்று கொட்டிக்கிழங்குக் கதை, இன்னொன்று காப்புச் செய்யுள்.

கொட்டிக்கிழங்குக் கதை வழிவழியாகச் சொல்லி வருவது. சோழன் அரண்மனையில் கம்பரும் அவர் மகன் அம்பிகாபதியும் விருந்துக்கு உட்கார்ந்திருக்கிறார்கள், அரசகுமாரி அமராவதி பரிமாற வருகிறாள், அவளைப் பார்த்ததும் தன்னை மறந்து மகன் பாடிவிடுகிறான்: "இட்டடி நோவ எடுத்தடி கொப்பளிக்க வட்டில் சுமந்து மருங்கசைய." வைத்த அடி நோகிறது, எடுத்த அடி கொப்பளிக்கிறது, தட்டைச் சுமந்து இடுப்பு அசைகிறது. அரசன் முகம் மாறுகிறது. அந்த நொடியில் தகப்பன் குறுக்கே புகுந்து வெண்பாவை முடிக்கிறார்: "கொட்டிக் கிழங்கோ கிழங்கென்று கூறுவாள் நாவில் வழங்கோசை வையம் பெறும்." அதாவது என் மகன் பாடியது உங்கள் பெண்ணை இல்லை, தெருவில் கொட்டிக்கிழங்கு விற்றுப் போகும் கிழவியை. வெளியே போய்ப் பார்த்தால் அப்படி ஒரு கிழவி உண்மையாகவே நிற்கிறாள், கம்பருக்காகச் சரசுவதியே வந்து நின்றாள் என்று கதை.

இதை மேடையில் மைக் பிடித்துச் சொல்லாதீர்கள். எங்கள் அப்பத்தா சின்ன வயசில் கண்மாய்ச் சேற்றில் கொட்டிக்கிழங்கு தோண்டித் தின்றவர், அதனால் இந்தக் கதையை அவரை வைத்தே திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னோம். கிழங்கு எப்படி இருக்கும், எந்தக் கண்மாயில் கிடைக்கும், எப்படி அவிப்பது என்று அவர் தொடங்கி, கம்பரிடம் வந்து சேர்ந்தார். உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பார், தேடிப் பிடியுங்கள். கதையைச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள். மகன் தொடங்கிய பாட்டைத் தகப்பன் முடித்து உயிரைக் காப்பாற்றினார். படத்தின் கடைசியில் அதே தகப்பன் பக்கத்திலேயே இருப்பார், அவரால் எதையும் முடித்துக் கொடுக்க முடியாது. இதைப் பிடித்துக்கொண்டு படம் பார்த்தால் எம்.கே.ராதாவின் முகத்தை விட்டுக் கண் எடுக்க முடியாது.

அடுத்தது காப்பு. காதல் வெளியே தெரிந்ததும் அம்பிகாபதிக்கு ஒரு நிபந்தனை போடுகிறார்கள். காதல் கலக்காமல் தெய்வத்தை மட்டும் நூறு பாட்டுப் பாட வேண்டும், பாடினால் அமராவதி அவனுக்கு, தவறினால் தலை போகும். அவன் பாடுகிறான். அவள் எண்ணுகிறாள். முதலில் பாடிய காப்புச் செய்யுளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறாள். தொண்ணூற்றொன்பது முடிந்ததும் நூறு முடிந்துவிட்டது என்ற பூரிப்பில் அவள் வெளியே தெரிய, அவளைப் பார்த்த அம்பிகாபதி அடுத்த பாட்டை அவள்மேல் பாடிவிடுகிறான். அவ்வளவுதான். கதையின் முழுப் பாரமும் அந்த ஒரு பாட்டுக் கணக்கில் நிற்கிறது. காப்பு என்றால் என்ன என்று தெரியாத இளவட்டங்களுக்கு அந்த இடம் ஒரு சின்னக் குழப்பமாகத் தெரியும், வலிக்காது.

விளக்குவது சுலபம். எங்கள் பக்கம் அநேக வீட்டில் அபிராமி அந்தாதிப் புத்தகம் இருக்கும், எடுத்துப் பிரித்துக் காட்டுங்கள். முதலில் 'தார் அமர் கொன்றையும்' என்று காப்பு, அதற்கு எண் கிடையாது. அப்புறம்தான் 'உதிக்கின்ற செங்கதிர்' ஒன்று. நூறு முடிந்த பிறகு நூற்பயன், அதற்கும் எண் கிடையாது. கடுதாசியில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டு எழுதத் தொடங்குகிறோமே, சுழியை யாராவது வரிக் கணக்கில் சேர்ப்பார்களா என்று கேட்டால் சின்னப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

புரிந்தால் மட்டும் போதாது, அந்தத் தவறு எவ்வளவு இயல்பானது என்று கைக்குத் தெரிய வேண்டும். இதற்கு நாங்கள் ஒன்று செய்தோம், இரண்டாவது முறை எல்லாம் மாறியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். முதல் நாள் சாயங்காலம் படத்துக்கு முன்னால் பிள்ளைகளையும் அவர்கள் அம்மாமாரையும் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை கொடுத்து, அப்பத்தாவை அந்தாதி பாடச் சொன்னோம். ஒரு பாட்டுக்கு ஒரு கொட்டை எடுத்துத் தட்டில் போட வேண்டும். இருபத்தைந்து பாட்டோடு நிறுத்திவிட்டு எத்தனை கொட்டை என்று எண்ணிப் பார்த்தோம். காப்பைச் சேர்க்கக்கூடாது என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் சொல்லியிருந்தோம், அப்படியும் பாதிப் பேர் தட்டில் இருபத்தாறு இருந்தது. இன்னும் சிலரிடம் இருபத்துமூன்று. யாருடைய உயிரும் தொங்கிக்கொண்டிருக்காத, காற்றாட உட்கார்ந்திருக்கிற திண்ணையில் இது. அரசவை நடுவில், காதலிப்பவனின் கழுத்துக்கு மேல் வாள் தொங்கும்போது நூறு வரைக்கும் எண்ணச் சொன்னால் எந்தப் பெண்ணுக்குத் தவறாது? இதைக் கேள்வியாகக்கூட நான் கேட்கவில்லை. தட்டைப் பார்த்தவர்களுக்கே தோன்றிவிட்டது.

முதல் இரவு, படத்தைக் காதல் கனிந்து நிற்கிற இடம் வரை ஓட்டுங்கள். 'மாசிலா நிலவே நம் காதலை மகிழ்வோடு' பாட்டு வருகிற பகுதியைச் சுற்றி நிறுத்த நல்ல இடம் கிடைக்கும், உங்கள் பிரதியைப் பார்த்து நிமிஷக் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டில் டி.எம்.எஸ்ஸோடு பாடுவது பானுமதியே, நடித்தவரே பாடியது, உதடும் மூச்சும் சேர்ந்து வரும். இந்த இரவு சிரிப்பும் பாட்டுமாகப் போகட்டும், விளக்கம் எதுவும் வேண்டாம். இடையில் பருத்திப்பால் கொடுங்கள். ஜிகர்தண்டா ஆசையாக இருந்தாலும் இரவில் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும், பருத்திப்பாலில் சுக்கு இருக்கிறது, பெரியவர்களும் மறுக்க மாட்டார்கள்.

இரண்டாம் இரவு ஏழு மணிக்கு மிச்சத்தைத் தொடங்குங்கள். இன்றைக்கு இடைவேளை விட வேண்டாம், பால் எல்லாம் படத்துக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். நூறு பாட்டுக் காட்சி தொடங்கியதும் பின்னால் நின்று பேசிக்கொண்டிருப்பவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். படத்தில் நூறு பாட்டும் வராது, காலம் சுருக்கித்தான் காட்டுவார்கள், அதனால் எண்ண முயன்று குழம்ப வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

படம் முடிந்ததும் உடனே விளக்கைப் போடாதீர்கள். ரேடியோ செட்காரர் பழக்க தோஷத்தில் ஒரு பாட்டைப் போடுவார், அதையும் தடுத்துவிடுங்கள். ஒரு இரண்டு நிமிஷம் இருட்டும் அமைதியுமாக இருக்கட்டும். யாராவது மூக்கை உறிஞ்சுவது கேட்கும், எங்கோ ஒரு கைப்பிள்ளை அழும், அது போதும். பிறகு ஒரு விளக்கை மட்டும் போட்டு, போகிறவர்கள் போகட்டும், இருக்கிறவர்கள் வட்டமாக உட்காருங்கள்.

பேச்சை நடத்துவதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒரு ஆண், ஒரு பெண், இரண்டு பேரும் தெருவில் மதிப்புள்ளவர்களாக இருக்க வேண்டும். ஒரே ஒரு கட்டுப்பாடு: ஊர்க்கதை பேசக்கூடாது. இன்ன வீட்டில் இன்னது நடந்தது, இன்னார் மகள் இன்னாரோடு போனாள் என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். நம் பக்கத்தில் கூடாத காதல் என்றால் அரசன், கவிஞன் என்பதெல்லாம் பேச்சுக்கு, உள்ளே இருப்பது சாதிதான், கூட்டத்தில் இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். அப்படி ஒரு காதலை மனசுக்குள் வைத்துக்கொண்டு வெளியே சொல்ல முடியாமல் அந்தப் பாயிலேயே ஒரு பையனோ பெண்ணோ உட்கார்ந்திருக்கலாம். அவர்களை யாரும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு சொல் வரக்கூடாது. படத்தை மட்டும் பேசினாலே அவர்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிடும்.

தொடங்க ஒரு கேள்வி போதும்: நூறு பாட்டு என்று கணக்கு வைத்தது யார்? முதலில் யாரும் பேச மாட்டார்கள், அவசரப்படாமல் இருங்கள். எங்கள் தெருவில் முதலில் வாய் திறந்தது வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போகிற ஒரு அக்கா. "கணக்கு வச்சவன விட்டுட்டு எண்ணுனவளத் திட்டுறோம்" என்றார். அதற்கப்புறம் பேச்சு நிற்கவில்லை. அவள் சரியாக எண்ணியிருந்தால் அரசன் நிஜமாகவே பெண்ணைக் கொடுத்திருப்பானா, இல்லை வேறொரு கணக்குப் போட்டிருப்பானா என்று ஒரு தாத்தா கேட்டார். காதலிப்பவன் வாயால் காதலே வரக்கூடாது என்று நிபந்தனை போடுவது ஜெயிக்க விடுவதற்கா, மாட்ட வைப்பதற்கா என்று ஒரு காலேஜ் பையன் கேட்டான். கம்பரைப் பற்றிக் கேளுங்கள், அங்கேதான் தகப்பன்மார் பேசத் தொடங்குவார்கள். அவ்வளவு பெரிய கவி, அரசனுக்கு நெருக்கமானவர், மகனுக்காக என்ன செய்திருக்கலாம், ஏன் முடியவில்லை. இதைப் பேசும்போது எங்கள் மாமா ஒருவர் ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கடைசி வரை எழுந்தும் போகவில்லை.

எதிர்ப்பேச்சும் வரும். பெத்தவங்க பேச்சை மீறினா இப்படித்தான் ஆகும், அதுதான் படம் சொல்வது என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அவரை வாயடைக்க வேண்டாம், கூட்டம் அவரைக் கேலி செய்யவும் விட வேண்டாம். அப்படியானால் அந்தப் பெண்ணும் செத்துப் போகிறாளே, பெற்றவனுக்கு என்ன மிஞ்சியது என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்தவருக்குப் போங்கள். பத்து மணிக்கு மைக்கை அணைத்துவிட்டு, மிச்சத்தை வாய்ப்பேச்சாகவே பேசிக்கொள்ளலாம்.

பால் கொடுக்கிற மேசைக்குப் பின்னால் ஒரு அட்டையில் சில விவரங்களைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், யாரும் அறிவிக்க வேண்டாம், வருகிறவர்கள் டம்ளர் வாங்கும்போது கண்ணில் படட்டும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயசு நிறைந்தால் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் சாதி, மதம் மாறாமல் பதிவுத் திருமணம் செய்யலாம், அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. வயசுக்கு வந்த இருவர் விரும்பிச் சேர்வதற்குக் குடும்பமோ சமூகமோ சம்மதிக்க வேண்டியதில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, மாவட்டந்தோறும் அவர்களைப் பாதுகாக்கத் தனிப்பிரிவு அமைக்க உத்தரவிட்டது. பெண்கள் உதவி எண் 181. இலவச சட்ட உதவிக்கு 15100. இவ்வளவு போதும். அந்த அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் யார் என்று நாங்கள் கவனிக்கவில்லை, நீங்களும் கவனிக்காதீர்கள்.

செலவுக் கணக்கை மறுநாளே தெருவில் ஒட்டிவிடுங்கள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று போடாமல் மொத்தம் வந்தது, போனது மட்டும். திரைத் துணியைத் துவைத்து நிழலில் காயவைத்துச் சுருட்டி வையுங்கள், மடித்தால் கோடு விழும், அடுத்த படத்தில் அந்தக் கோடு முகத்துக்கு நடுவில் வரும்.

முடிந்தால் அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் பிடித்து நாட்டரசன்கோட்டைக்குப் போய் வாருங்கள். மதுரையிலிருந்து சிவகங்கை வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். மகனைப் பறிகொடுத்த கம்பர் சோழநாட்டை விட்டு வெளியேறி, நடந்து நடந்து கடைசியில் அங்கே வந்து உயிர்விட்டார் என்று சொல்வார்கள், அவருடைய சமாதி அங்கே இருக்கிறது. அந்த மண்ணைக் கொஞ்சம் எடுத்துக் குழந்தையின் நாக்கில் வைத்தால் தமிழ் வரும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பங்குனி அத்த நட்சத்திரத்தன்று போனால் கம்பன் விழாவே நடந்துகொண்டிருக்கும், ஆனால் கூட்டம் இல்லாத ஒரு சாதாரண நாளில் போவதுதான் எனக்குப் பிடிக்கும். படத்தைப் பார்த்துவிட்டு அங்கே போய் நிற்கும்போது அவரைப் பெரிய கவியாக நினைக்கத் தோன்றவில்லை, பிள்ளையை இழந்த ஒரு மனுஷனாகத்தான் தோன்றியது. வேனில் போகும்போதே கொட்டிக்கிழங்குப் பாட்டை எல்லாரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சமாதிக்கு முன்னால் நின்று முதல் பாதியைப் பிள்ளைகள் சொல்லட்டும், மறுபாதியை அவர்களைப் பெற்றவர்கள் சொல்லி முடிக்கட்டும்.